சும்மா என்றால் சாருக்குப் பிடிக்காது

சார் போன மாதம் இறந்துபோனார். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் வரிசையாகக் கும்பிட்ட கைப் படங்கள் வந்தன. நான் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருத்தி, சாருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறோம், ஆளுக்கொரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அறிவித்தாள். அதோடு விடாமல் எனக்குத் தனியாக, நீ கட்டாயம் எழுதவேண்டும், நீதானே சாரின் செல்லப்பிள்ளை என்று ஒரு செய்தியும் அனுப்பினாள். செல்லப்பிள்ளைதான், அதை மறுக்க முடியாது. ஆகையால் எழுதிவிட்டேன். மலரில் இதைப் போடமாட்டார்கள். போடவேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை.

கல்லூரியில் அவர் எங்களுக்குச் சமூகவியல் எடுத்தார். ஆரல்வாய்மொழிக்காரர். ஓயாமல் காற்றடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தலைமுடியைக் கையால் அழுத்திவிட்டுக்கொள்வது அவருக்குப் பழக்கம். எங்கள் வகுப்பறையில் இலை அசையாது, விசிறியும் பாதி நாள் ஓடாது. அப்போதும் பேச்சுக்கு நடுவே கை மேலே போய் முடியை அமர்த்திவிட்டு இறங்கும். பையன்கள் அதைச் செய்துகாட்டிச் சிரிப்பார்கள். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பார், தன் வீட்டு நாற்காலியைக்கூட. யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லோரும் அவருக்கு மக்காதான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பைத்தியம். எதற்கும் காரணம் வேண்டும். ஒருவன் தாமதமாக வந்து பஸ் வரவில்லை சார் என்றால், பஸ் ஏன் வரவில்லை என்பார். வழியில் கூட்டம் என்றால், கூட்டம் ஏன் என்பார். கல்யாண முகூர்த்தம் என்றால், இந்த மாதத்தில் ஏன் இத்தனை முகூர்த்தம் என்று போய்க்கொண்டே இருப்பார். பையன் கடைசியில் சிரித்துவிடுவான், சாரும் சிரிப்பார். தெரியாது என்று சொன்னால்கூட ஏற்றுக்கொள்வார். சும்மா என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"சும்மாங்கது காரணம் இல்ல மக்கா. யோசிக்க மடிபிடிச்சவன் சொல்லுகது."

பிள்ளைகள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு. அதை நடத்துவதற்கு அவர் ஒரு கோழியை வைத்திருந்தார். பதினைந்து வயதுப் பையன் பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிவிட்டான், ஏன்? அவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கோட்பாட்டைக் கொடுத்துவிடுவார். முதல் பெஞ்சு, அவன் பிறவியிலேயே அப்படி என்று வாதாட வேண்டும். அடுத்தது வறுமை. மற்றவர்களுக்குக் கிடைப்பது தனக்கு நேர்வழியில் கிடைக்காதபோது குறுக்குவழியில் போனான் என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்த பெஞ்சுக்கு, கூடாத சேர்க்கை. இன்னொன்றுக்கு, வீட்டில் பிடித்து நிறுத்த ஆளில்லை என்ற கோட்பாடு. கடைசி பெஞ்சுக்கு, ஊரார் அவனைக் கள்ளன் கள்ளன் என்று முத்திரை குத்தியே கள்ளனாக்கினார்கள் என்ற கோட்பாடு. பிறகு எது எங்கே பொருந்தும், எது எங்கே கோட்டைவிடும் என்று சார் ஒப்பிட்டுக் காட்டுவார். ஒரே கோழியை அவர் அறுத்துக் காட்டுவதைக் கேட்க மற்றத் துறைப் பிள்ளைகளும் வாசலில் வந்து நிற்பார்கள். மலரில் எல்லோரும் அந்தக் கோழியைத்தான் எழுதப்போகிறார்கள்.

ஒருநாள் நான் எழுந்து, அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா சார் என்றேன். வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். கேட்டால் அவன் சும்மா என்பான், அதற்குத்தானே நாம் படித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். நல்ல பதில் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

முத்திரைக் கோட்பாடுதான் அவருக்கு உயிர். அதை நடத்தும்போது தன் ஊர்ப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். கோயில் வாழைக்குலையிலிருந்து பழம் பிய்த்துத் தின்றுவிட்டான் என்று ஒருதடவை பிடிபட்டவனாம். அதன் பிறகு ஊரில் எது காணாமற்போனாலும் அவன் வீட்டு வாசலில்தான் போய் நின்றார்கள். கடைசியில் அவன் நிஜமாகவே திருடப் போனான். சொல்லிவரும்போதே சாரின் குரல் கம்மிவிட்டது. ஒரு பிள்ளையை நாலு பேர் சேர்ந்து கள்ளன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஒளிய வேறு இடமில்லை, அந்தப் பேருக்குள்ளேதான் ஒளிவான் என்றார். நான் அதை எழுதிக்கொள்ள மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. திருத்துவதற்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து சிறுவர் ஹோமுக்கு அனுப்புகிறோமே, அதுவே எல்லா முத்திரையிலும் பெரிய முத்திரை என்று எழுதினேன். சார் அந்த வரிக்கு இரட்டைக் கோடிட்டு, மிக நன்று என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையைத் தடவிப் பார்த்தாள்.

எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்தில். அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பிக்கு மாதா கோயிலில் இட்ட பேர் ஜெனிஷ். அந்தப் பேர் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவன் கள்ளன்.

எங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தையாயிருக்கும்போது அவனுக்குச் சோறு ஊட்டப் போனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பான். நாங்கள் அதைக் கள்ள உறக்கம் என்போம். ஒரு கண்ணிமை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அம்மா கிண்ணத்தோடு நின்று, "கள்ளன் உறங்குதான் பாரு" என்று சொல்ல வேண்டியதுதான், பொத்திவைத்த சிரிப்பு வெடிக்கும். அப்படி ஒட்டிக்கொண்ட பேர். எந்தக் குழந்தையையும் கன்னத்தைக் கிள்ளி, எட கள்ளா என்றுதானே எங்கள் பக்கத்தில் கொஞ்சுகிறோம். இவனுக்கு அது நிலைத்துவிட்டது. மீன் விற்கப் போகிற பெண்கள்கூட, கள்ளனுக்கு வச்சிருக்கு என்று ஒரு கை நெத்திலியை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அவன் பதினோராம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. பூசை முடிந்து துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். கூட இரண்டு பேர், அவன் வகுப்புப் பையன்கள்தான். ஒருவனுடைய அப்பா வங்கி மேலாளர். இன்னொருவனுடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மீன் ஏலத்துக்கு வந்த வியாபாரி ஒருவரின் புது பைக் சாவியோடு நின்றிருக்கிறது. மூன்று பேரும் ஏறிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள் தெரியுமா, ஆரல்வாய்மொழிக்கு. காற்றாலைக் காற்றாடிகளுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். திரும்பும்போது வழி தப்பி அஞ்சுகிராமத்துப் பக்கம் போய், மணலில் சறுக்கி விழுந்து, விளக்கு உடைந்து, மூன்று பேர் ஒரு வண்டியில் வருகிறார்களே என்று நிறுத்திய போலீசிடம் மாட்டினார்கள். ஓட்டிவந்தவன் என் தம்பி.

வியாபாரி புகாரைத் திரும்பப் பெற மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைகளுடைய வழக்கை விசாரிக்கிற இடத்தில் மூன்று பேரும் நிற்க வேண்டிவந்தது. அவரவர் வீட்டில் போய்ப் பேசிப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஒருவரை நியமித்தார்கள். ஓய்வு பெற்றிருந்த எங்கள் சார்தான் அவர். செய்தி தெரிந்ததும் அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவைத்தாள். எனக்கும் மலைபோன்ற தைரியம் வந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். புத்திமதி சொல்லித் தாயோடு அனுப்புவதா, ஹோமுக்கு அனுப்புவதா என்று முடிவாகும். அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா கட்டன் சாயா கொடுத்தாள், அதையும் ஏன் பால் சேர்ப்பதில்லை என்று விசாரித்தபடி குடித்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு, அன்பாகத்தான், பைக்கை ஏன் எடுத்தாய் மக்கா என்றார். தம்பி தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"சும்மா சார். காத்தாடி பாக்க."

சாரின் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். அது இல்லை, உள்ளே என்ன தோன்றியது என்று மறுபடி கேட்டார். தம்பி மறுபடி சும்மா என்றான். உண்மையைத்தான் சொன்னான். அவனுக்கு வேறு காரணம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பான். பிள்ளை தடுமாறுவதைப் பார்த்து அம்மா குறுக்கே வந்தாள்.

"எனக்க கள்ளன் கொச்சுப்பிள்ளையிலேயே இப்பிடித்தான் சார். கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டான். மனசுல ஒரு களங்கமும் கிடையாது."

சாரின் பேனா நின்றது. வீட்டில் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவீர்களா என்று கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் மட்டுமா, தெருவே அப்படித்தான் கூப்பிடும் சார், பள்ளிக்கூடப் பேரைச் சொன்னால் இவனுக்கே யாரென்று தெரியாது என்று அடுக்கினாள். சாரின் எண்ணம் எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பரீட்சை எழுதினவள் ஆயிற்றே. சார், அது கொஞ்சிக் கூப்பிடுவது, கள்ள உறக்கத்தில் வந்த பேர் என்று அவசரமாகச் சொன்னேன். சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"தெரியும் மக்கா. எங்க ஊர்லயும் உண்டு."

அந்தப் பதிலில் எனக்குப் பயம் போய்விட்டது. அவரைப் படிவரை கொண்டுபோய் விட்டேன்.

விசாரணை நாளில் மூன்று வீட்டாரும் போனோம். நடுவில் இருந்த நீதிபதி வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். சார் எழுந்து ஒவ்வொருவரைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னார். மேலாளர் மகனுக்கு, இது வயதின் கோளாறு, இந்த வயதில் வருவது வளர வளரத் தானே உதிர்ந்துவிடும், பெற்றோரின் பொறுப்பில் விட்டால் போதும் என்றார். பால் வெட்டுகிறவர் மகனுக்கு, இல்லாமையும் ஏக்கமும், அவனுக்கு வேண்டியது தண்டனை அல்ல, படிப்புக்கு உதவி என்றார். இரண்டையும் அழகாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, நம் சார் நம் சார்தான் என்று இருந்தது.

என் தம்பியிடம் வரும்போது குரல் கம்மிவிட்டது. வகுப்பில் கம்மியதே, அதே இடத்தில். தகப்பன் கடல்கடந்து இருக்கிறார், இவனைப் பிடித்து நிறுத்த வீட்டில் யாருமில்லை, அது பெரிதல்ல. பெற்ற தாயே, ஊரே இவனைக் கள்ளன் என்று அழைக்கிறது, இவன் அந்தப் பேருக்குள் வளர்ந்திருக்கிறான், செய்ததற்கு ஒரு காரணம்கூட இவனால் சொல்ல முடியவில்லை, இந்தப் பேர் இல்லாத ஓர் இடத்தில் கொஞ்ச காலம் வைத்திருந்தால் மீட்டெடுக்கலாம் என்றார். ஒரே பையனுக்கு ஐந்து காரணம் சொல்லி ஒப்பிட்டுக் காட்டியவர், அங்கே ஒரே பைக்குக்கு மூன்று காரணங்களை ஆள் பார்த்துப் பங்குவைத்தார்.

நீதிபதி அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் மகனை நீங்கள் திருடன் என்றா கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குக் கள்ளன் தெரியும், திருடன் என்று ஏட்டுத் தமிழில் கேட்டால் என்ன தெரியும். செல்லப்பேரைச் சார் எடுத்துச் சொல்லியிருக்கிறார், நம் பிள்ளைமேல் அவர்களுக்கும் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"ஆமா அய்யா. கள்ளன்னுதான் எல்லாரும் கூப்பிடுவினும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வாயைத் திறந்தேன், கேட்கும்போது பேசினால் போதும் என்றார்கள். சாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அது இந்த ஊரில் கொஞ்சுகிற பேர் அய்யா என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் அதைச் சொல்லத் தெரிந்தவர், சொன்னால் எடுபடக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருடைய கை மேலே போய் முடியை அமர்த்திவிட்டு இறங்கியது. அங்கே விசிறிகூட ஓடவில்லை.

மற்ற இருவரும் அன்று மாலை வீட்டில் காப்பி குடித்திருப்பார்கள். என் தம்பியை ஒரு வருடத்துக்கு வெளி மாவட்டத்து ஹோமுக்கு அனுப்பினார்கள். அவன் வண்டியில் ஏறும்வரை அம்மாவுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. நான்தான் புரியவைத்தேன். புரிந்ததும் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துச் சாரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஆனால் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்ன மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது. வருத்தப்படாதே, அவன் நன்மைக்குத்தான், சூழலை மாற்றினால் பிள்ளை மாறும் என்றார். ஹோமுக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய முத்திரை என்று நான் எழுதியதையும் அவர் கோடிட்டதையும் நினைவுபடுத்தினேன். மறக்கவில்லை. நல்ல விடை என்று மறுபடியும் பாராட்டினார்.

"அது பரீட்சைக்கு மக்கா. இது நடப்புல்லா?"

கள்ளன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமே சார் என்றேன். எனக்குத் தெரியும், பிள்ளையின் மனதுக்கு அது தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். சொல்லுகிறவர் எந்தப் பிரியத்தில் சொன்னால் என்ன, விழுகிற இடத்தில் அது விழத்தான் செய்யும் என்று விளக்கத் தொடங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவர் காசு வாங்கியிருந்தால், யாருக்காவது பயந்திருந்தால், நானும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஆறியிருப்பேன். கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை நின்றான். அவருக்கு அவன் கோட்பாட்டுக்குக் கிடைத்த கோழியாகத்தான் தெரிந்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவருடைய பேரன் ஓடிவந்தான். நாலு வயதிருக்கும். மேஜையிலிருந்த சாரின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தான். சாரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"எட கள்ளா, கொண்டா இங்க."

பிள்ளை சிரித்துக்கொண்டே கொண்டுவந்தான். அவனை மடியில் இருத்திக் கன்னத்தைக் கிள்ளினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று என்னிடம் கேட்டார். இப்போதாவது உறைக்கும் என்று காத்திருந்தேன். உறைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பேர் போடுவதைப் பற்றிச் சார் என்றேன். ஆமாம் ஆமாம் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

தம்பி திரும்பிவந்தான். மீசை அரும்பியிருந்தது, மெலிந்திருந்தான். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றான், நாங்களும் வற்புறுத்தவில்லை. தெருவில் இப்போது அவனை யாரும் கள்ளன் என்று கூப்பிடுவதில்லை. நெத்திலி கொடுக்கிற பெண்கள் வாசலில் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்தி, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். கொஞ்சலாக இருந்த ஒரு சொல்லைச் சார் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டார், உண்மையானதை எப்படி வாயால் சொல்வது. அம்மா வீட்டிலேயே ஜெனிஷ் ஜெனிஷ் என்கிறாள், யாரோ விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. பல தடவை அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட வா என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் எழுந்து வரவில்லை. தட்டில் சோறும் மீன்குழம்புமாக அவன் படுத்திருந்த இடத்துக்கே கொண்டுபோனாள். கண்ணை மூடிக் கிடந்தான். நான் கதவருகில் நின்றிருந்தேன், அவனுடைய ஒரு கண்ணிமை ஆடுவது எனக்குத் தெரிந்தது. அம்மாவும் கண்டுவிட்டாள். வாய் திறந்தது. பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஜெனிஷ், சோறு வச்சிருக்கு என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் கண்ணைத் திறந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"அக்கா, அம்மைக்கு எனக்க பேரு மறந்துபோச்சா?"